அம்மன் முகத்துப் பொடி

கோயில் சிலைகளுக்கு வர்ணம் அடிப்பது என் தொழில். பழைய வர்ணத்தைச் சுரண்டி எடுத்தால்தான் புதுசு ஒட்டும். சுரண்டிய தூளைக் கண்ட இடத்தில் கொட்ட எனக்கு மனசு வராது. அம்மன் முகத்தில் இருந்தது காலில் மிதிபடலாமா? திருநீற்றில் கலந்து, பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். தினமும் காலையில் என் நாலு வயது மகள் சுவேதாவின் நெற்றியில் ஒரு கீற்று, நாக்கில் ஒரு சிட்டிகை.

ஆறு மாதமாக அவளுக்கு வயிற்றுவலி. சோறு இறங்கவில்லை. ஓயாமல் வாயாடியவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம். வலி கூடக்கூட நான் சிட்டிகையைக் கூட்டினேன். என் புத்தி அப்படி.

கடைசியில் ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தப் பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆனது.

"பாப்பா ரத்தத்துல ஈயம் நிறைய இருக்குது. நீங்க இன்னா வேலை செய்றீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சொன்னேன். "ஆனா குளிச்சிட்டுதான் வூட்டுக்குள்ள போவேன்" என்று பெருமையும் அடித்துக்கொண்டேன்.

பொட்டலத்தைப் பற்றிச் சொன்னது என் மனைவி தமிழரசிதான். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பழைய மஞ்சள், சிவப்பு வர்ணத்துல ஈயம் இருக்கும்ங்க. உடனே நிறுத்துங்க, மருந்து தர்றேன். மூளைக்கு எவ்ளோ பாதிப்புன்னு இப்ப சொல்ல முடியாது." பிறகு கேட்டார்: "வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

ஊரில் பதினோரு வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் இருக்கும் வீடாகப் பார்த்து.

"போய்ட்டு நீங்களே சொல்லிடுங்க" என்றாள் தமிழரசி, திரும்பும் பஸ்ஸில்.

முதல் வீடு பச்சையம்மாவுடையது. என்னைக் கண்டதும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணா. ரெண்டு நாளா பால் குடிக்க மாட்டேங்குறான். உங்க கையால வெச்சி வுடுங்க" என்று பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"இது விஷம்மா. தெரியாம குடுத்துட்டேன். எம் பொண்ணுக்கும் நான்தான் குடுத்தேன். நாளைக்கே இவனையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போலாம். நானும் கூட வர்றேன்."

பச்சையம்மா ஓர் அடி பின்வாங்கினாள். குழந்தையை என் கைக்கு எட்டாமல் பின்னால் இழுத்துக்கொண்டாள்.