ஒரு விரல் சிவப்பு

மீன்பிடித் தடைக்காலத்தின் மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, குளச்சலில் ஜெபகுமாரியின் சமையலறைச் சுவரில் அவள் கணவன் மரியஜான் ஏழு நிறங்களாக விழுந்தான். அவன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரில் மட்டும், ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஒரு முழ நீளப் பட்டை, அதன் குறுக்கே மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகள். ஜெபகுமாரி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. மழை மேகம் வெயிலை மறைத்தபோதும் போகவில்லை. அவன் எழுந்து வெளியே சென்றதும் போயிற்று. அந்த வாரத்துக்குள் தெரு முழுவதும் வந்து அந்தச் சுவருக்கு எதிரே நின்று பார்த்தது. எல்லோருக்கும் பட்டை விழுந்தது. தன்னுடைய பட்டை மட்டும் தனக்குத் தெரியாது. கடலோரக் காவல் சீருடையில் இருவர் வந்து, சாட்டிலைட் போன் இருக்கிறதா என்று அரிசிப் பானைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். மீட்டர் பார்க்க வந்தவர், திருட்டுக் கரண்ட் அல்ல என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மரியஜானின் தங்கை ஜிஷா அடுத்த வீடு. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துபவள். அவள் அண்ணனின் கோடுகளை எண்ணினாள். ஐந்நூற்று எழுபத்து நான்கு. இருநூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் கண்ணாடி செய்த ஒருவர் சூரிய ஒளியைப் பிரித்து எண்ணியபோதும் அதே எண்ணிக்கைதான் வந்தது என்றாள். கோடுகள் என்னவென்று தெரியாமலே அவர் செத்துப்போனார். நட்சத்திரம் எதனால் ஆனது என்பதை மனிதன் ஒருநாளும் அறியப்போவதில்லை என்று படித்தவர்களே எழுதிவைத்த காலம் அது. பிறகு இரண்டு பேர் அடுப்புத் தீயில் உப்பைப் போட்டார்கள். சூரியனில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருந்த அதே இடத்தில் இரண்டு மஞ்சள் கோடுகள் எரிந்தன. போகாமலே, தொடாமலே, சூரியனில் உப்பின் சோடியம் இருப்பது தெரிந்துவிட்டது. குண்டூர்ப் பக்கம் ஒரு கிரகணத்தின்போது தெரிந்த மஞ்சள் கோட்டையும் முதலில் உப்பு என்றே நினைத்தார்கள். அது பூமியில் அதுவரை யாரும் கண்டிராத வேறொரு தனிமம். அதற்கும் பிறகு, கோடுகள் இடம் மாறுவதைக் கவனித்தார்கள். நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் கோடு ஊதாப் பக்கம் நகரும், விலகிப் போவதன் கோடு சிவப்புப் பக்கம்.

ஜிஷா கடைசியில் சொன்னதை மட்டும் ஜெபகுமாரி பிடித்துக்கொண்டாள். அன்றே கேஸ் அடுப்பில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, சுவரில் மஞ்சள் கோடுகள் மின்னிய இடத்தைக் கரித்துண்டால் குறித்தாள். மரியஜானின் இரட்டைக் கோடு அந்தக் குறியிலிருந்து ஒரு விரல் சிவப்புப் பக்கம் தள்ளி நின்றது.

"அப்போ இவரு போறாரா?"

"கோடு அப்பிடித்தான் சொல்லுது மைனி," என்றாள் ஜிஷா.

"உக்காந்து சாயா குடிக்கியவரு எங்க போவாரு?"

"அதத்தான் நானும் யோசிக்கேன்."

ஜெபகுமாரிக்கு யோசிக்க எதுவும் இல்லை. கடல் மூடிக் கிடக்கும் இரண்டு மாதத்தில்தான் வளைகுடா ஏஜென்டுகள் அந்தக் கரைக்கு வருவார்கள். அவளுடைய அப்பா அப்படி ஒரு தடைக்காலத்தில் பஹ்ரைனுக்கு மீன் பிடிக்கப் போனவர், பத்தொன்பது வருடமாக இன்னும் போய்க்கொண்டே இருந்தார். அவள் குறியின் மேல் காலண்டரைத் தொங்கவிட்டாள். மரியஜானின் சட்டைப் பையைத் தடவினாள், போனைத் திறந்து பார்த்தாள், அலமாரியிலிருந்து அவனுடைய பாஸ்போர்ட்டை எடுத்து உப்புப் பானையின் அடியில் புதைத்தாள். தினமும் காலண்டரை விலக்கி விரல் வைத்து அளந்தாள். பத்தாம் நாள் ஒன்றரை விரல். இருபதாம் நாள் இரண்டு. ஜிஷா உண்மையைச் சொன்னாளோ, அண்ணனுக்காக மறைக்கிறாளோ என்று அவளோடும் பேச்சைக் குறைத்தாள். மரியஜானும் வாய் திறப்பதில்லை. அதையும் அவள் ஒரு சாட்சியாக வைத்துக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, மரியஜான் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்து, உப்புப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டான். கை பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தது.

"ஏட்டி, எனக்க பாஸ்போர்ட்ட கருவாடு போடுதியா?"

"போறதுக்குத்தான தேடுனிய?"

"நான் உப்புல்லா தேடுனேன். இது செத்து ரெண்டு வருசம் ஆச்சு, தேதியப் பாரு. இத வச்சிக்கிட்டு களியக்காவிளை செக்போஸ்ட்டக் கூட தாண்ட முடியாது."

"உப்பு எதுக்கு?"

அவன் தீயில் உப்பைத் தூவினான். சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மூணு வெரலு," என்றான். "நீதான் போற. மொகம் குடுத்துப் பேசி ஒரு மாசம் ஆவுது. அப்பமே நெனச்சேன்."

ஜெபகுமாரி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சுவரில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாத ஒன்றை அவன் சொல்லை வைத்து நம்ப வேண்டியிருந்தது. அவள் நம்பவில்லை. ஜிஷாவைக் கூப்பிட்டாள்.

ஜிஷா அடுப்பருகே நின்று மைனியைப் பார்த்தாள், நாற்காலியருகே நின்று அண்ணனைப் பார்த்தாள். இருவருக்கும் மூன்று விரல். வானத்திலும் அப்படித்தான், எந்த நட்சத்திரக் கூட்டத்தில் நின்று பார்த்தாலும் மற்றதெல்லாம் நம்மை விட்டு ஓடுவது போலத் தெரியும் என்றாள். "ஆரும் எங்கயும் போவல மைனி. நடுவுல கெடக்க எடம் விரியுது."

மரியஜான் அதை நம்பாமல், ஆழம் பார்க்கும் கயிற்றை எடுத்துவந்து, கடலை அளப்பது போல இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்தான். பத்தடிச் சமையலறையில் அடுப்பிலிருந்து நாற்காலிக்கு நான்கு பாகம் இருந்தது, அதாவது இருபத்து நாலு அடி. வெளியே போய் அளந்தபோது அதே பத்தடி. வீட்டைக் கட்டிய கொத்தனார் கிருஷ்ணமணி வந்து மூன்று தடவை அளந்துவிட்டு, தன்னுடைய சிமென்டின் மேல் யாருக்காவது சந்தேகமா என்று கேட்டார். யாருக்கும் இல்லை.

காலண்டர் பழைய ஆணிக்குத் திரும்பியது. மரியஜான் புதிய பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடவில்லை. தடைக்காலம் முடிந்து ஆழ்கடலுக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். மூன்றாம் வருடம் சமையலறை பதினொரு பாகம், ஆறாம் வருடம் கயிறு போதவில்லை. வீட்டு வரிக்கு அளக்க வந்தவர் வெளியே நின்று பத்தடி என்று எழுதினார். மரியஜான் வீட்டில் இருக்கும் நாட்களில் காலை எழுந்ததும் நாற்காலியை அடுப்பருகே இழுத்துப் போடுவான், மறுநாள் அது தள்ளிப் போயிருக்கும், மறுபடி இழுத்துப் போடுவான். நாற்பது நாள் கடலிலிருந்து திரும்பும்போது, வாசலில் அவன் பையை வைக்கும் சத்தம் கேட்டதும் ஜெபகுமாரி உலையில் அரிசி போடுவாள். பிறகு சுவரைப் பார்ப்பாள். அவன் நடந்து வரும் அந்த நேரம் மட்டும் இரட்டைக் கோடு கரிக்குறியைத் தாண்டி ஊதாப் பக்கம் நிற்கும். அவன் வந்து சேரும்போது சோறு வெந்திருக்கும்.