தாளின் அடியில் நான்கு விரல்

தாளின் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை, அம்மாவின் நெருக்கமான எழுத்து வரிவரியாக இறங்கிவந்து அதன் விளிம்பில் நின்றுவிடுகிறது, வியன்னாவில் எங்கள் வீட்டுக் கடிதம் சாப்பாட்டு மேசையைச் சுற்றித்தான் வரும், முதலில் அப்பா, பிறகு அம்மா, கடைசி நான்கு விரல் தங்கை ரோசலுக்கு, சூப் குடித்த கையோடு எழுதுவாள், தாளில் கறை பதிந்திருக்கும், நியூயார்க்கில் தையல் கூடத்து ஜன்னலோரம் உறையைப் பிரித்ததும் நான் அந்தக் கறையைத்தான் தேடுவேன். 1941 மார்ச்சில் வந்த கடிதத்தில் கறை இல்லை, வெறும் வெள்ளை, ரோசலுக்கு என்மேல் இன்னும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், நான் கிளம்பியது எங்களைப் போன்ற யூதர்கள் ஊரைவிட்டுத் தப்ப வழி தேடிய நாட்களில், அமெரிக்க மாமாவால் எங்களில் ஒருத்திக்குத்தான் விசாவுக்கு ஜாமீன் தர முடிந்தது, மூத்தவள் என்று என்னை அனுப்பினார்கள், நானோ அவளுடைய பழுப்புக் கோட்டையும் மாட்டிக்கொண்டு ரயிலேறினேன், என் கோட்டைப் போட்டுக்கிட்டு அமெரிக்காவுல மகாராணியாட்டம் நடக்கப்போற, ரெண்டாவது பொத்தான் ஆடுது, தொலைச்சிடாதேக்கா என்று பிளாட்பாரத்தில் நின்று சிரிக்கிறாள், அது சிரிப்பா குத்தலா என்று யோசிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது, கனவில் மட்டும் ரயில் நகர்வதில்லை, பொத்தான்தான் உருண்டு போகிறது, நான் குனிகிறேன், நிமிரும்போது பிளாட்பாரம் காலி.

அவளே முதலில் எழுதட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன், பதிலில் அப்பாவின் இருமலை விசாரித்தேன், அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தேன், அவளை விசாரிக்கவில்லை, ஏப்ரலில் வெள்ளை, ஜூனில் வெள்ளை, அதன்பின் கடிதமே இல்லை.

போர் முடிந்தபின் பக்கத்து வீட்டு ஹெர்மினா எழுதினாள், ரோசலைப் பிப்ரவரியிலேயே போலீஸ்காரங்க பிடிச்சு வண்டியில ஏத்திட்டாங்கம்மா, போலந்துப் பக்கம்னு பேச்சு, கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கிறவங்களுக்குப் பயந்து உங்கம்மா எதையும் எழுதலை, அவ இடத்தைக் காலியா விட்டா பெரியவ புரிஞ்சுக்குவா, மாமாகிட்ட சொல்லி ஏதாவது பண்ணுவான்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க, உன் பதில் வந்தா ரெண்டு தடவை படிப்பாங்க, இதுலயும் சின்னவ பேரு இல்லையேம்பாங்க, அப்புறம் நவம்பர்ல உங்கப்பா அம்மா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

மூன்று தாள்களும் மேசையில் விரிந்து கிடக்கின்றன, கோட்டு நாற்காலியில் தொங்குகிறது, பேனாவை எடுத்து மார்ச் மாதத்து வெள்ளையில் எழுதுகிறேன், ரோசல், பொத்தான் பத்திரமா இருக்கு, நீ எங்கடி இருக்க, இரண்டு விரல் அகலத்தில் நிறுத்திக்கொள்கிறேன், மீதி இரண்டு விரல் அவளுக்கு.