அண்ணாச்சி விட்டுக்கொடுத்த இடம்

தி.நகர் நடேசன் பூங்காவில் காலை நடை போகும் நண்பர்கள் ஒரு படகை வாடகைக்குப் பேசிக் கடலில் மீன் பிடிக்கப் போவதென்று முடிவெடுத்தபோது, தலைவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜவஹர் அண்ணாச்சிதான். உஸ்மான் சாலைக்குப் பின்புறம் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவர், “நாங்க பார்க்காத கடலா?” என்று நடையின் நடுவே அடிக்கடி சொல்பவர்.

சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்தான். ஆனால் ஊருக்கும் கடலுக்கும் நடுவே செம்மணல் மேடுகளான தேரியும் பனங்காடும் கிடந்தன. திருச்செந்தூருக்குப் போனபோதெல்லாம் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றதுதான் அவருக்கும் கடலுக்கும் உள்ள பழக்கம். இதை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவர் மனைவி தங்கபுஷ்பம், கடையில் பித்தளைக் குத்துவிளக்கை எடை போட்டுக்கொண்டே கேட்டாள்: “நானும் வாரேனே. ஒரு ஆளுக்கு எடம் இருக்கும்லா?”

“பொம்பளைகளுக்குக் கடல் ஒத்துக்காது புஷ்பம். அலை தூக்கிப் போட்டா தாங்க மாட்டே.”

அவள் எடைக்கல்லை மாற்றி வைத்தாள்.

ஏற்பாடுகள் கல்யாண வேகத்தில் நடந்தன. தேனாம்பேட்டையில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் பீர் முஹம்மது எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்தார். மயிலாப்பூர்க்காரரான அச்யுத், வங்கியில் ஓய்வு பெற்றவர், இணையத்தில் தூண்டில் கோல் வரவழைத்து, வீட்டு மாடியில் துணிக்கொடி மேல் வீசிப் பழகினார். அவர் மீன் சாப்பிடுவதில்லை. “பிடிக்கறதோட சரி, திரும்பத் தண்ணியிலேயே விட்டுடுவேன். ஆத்துல மகாபலிபுரம் போறேன்னு சொல்லிண்டிருக்கேன்” என்றார். தூண்டிலில் இறால் துண்டைக் கோக்க வேண்டும் என்று தெரிந்ததும் ரப்பர் கையுறை வாங்கினார்.

படகைப் பார்த்து வர எல்லோரும் நொச்சிக்குப்பத்துக்குப் போனார்கள். படகுக்காரர் செம்பியன், மணலில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகின் மேல் சாய்ந்து நின்று, இவர்களுடைய தொப்பியையும் கண்ணாடியையும் பார்த்தார்.

“சாமானெல்லாம் நல்லாத்தான் கீது சார். வவுறு எப்படி கீது? போன மாசம் ஒரு குரூப்பு வந்துச்சு. பாதி தூரத்துல அம்மா அம்மான்னு அழுதுகினு திரும்பிடுச்சு. யாருக்கு ஒத்துக்கும், யாருக்கு ஒத்துக்காதுன்னு மொதல்ல பாத்துக்கங்க.”

இங்கேதான் அண்ணாச்சி தலைமைப் பண்பைக் காட்டினார். தீவுத்திடலில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே கப்பல் போல முன்னும் பின்னும் ஆடும் கொலம்பஸ் ராட்டினத்தில் எல்லோரும் ஏற வேண்டும், தாங்காதவர்கள் பயணத்திலிருந்து விலக வேண்டும் என்றார். நல்ல யோசனை என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனார்கள். டெல்லி அப்பளம் வாங்கித் தருவதாகச் சொல்லித் தங்கபுஷ்பத்தையும் அண்ணாச்சி அழைத்துப் போயிருந்தார். ராட்டினத்தில் ஆட்டம் குறைந்த நடு வரிசைகளை நண்பர்கள் பிடித்துக்கொள்ள, கடைசி வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கப்பல் முதல் தடவை உயர்ந்தபோது அண்ணாச்சி சிரித்தார். இரண்டாம் தடவை முருகனைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடும் நிலையில் இல்லை. இறங்கியதும் தங்கபுஷ்பம் அவரை ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் நடத்திப் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் நண்பர்கள் தேடி வந்துவிட்டார்கள்.

“என்னாச்சு அண்ணாச்சி?” என்றார் பீர் முஹம்மது.

“அப்பளத்துல எண்ணெய் சரியில்ல பாய்” என்றாள் தங்கபுஷ்பம். பிறகு, “ஒரு நிமிஷம் இவரைப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு இன்னொரு டிக்கெட் எடுத்து, மறுபடியும் கொலம்பஸில் ஏறினாள்.

அன்றிலிருந்து அண்ணாச்சி வானிலை அறிக்கையை ஒன்றுவிடாமல் பார்த்தார். வங்கக் கடலில் எங்காவது ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகாதா என்று ஏங்கினார். மாசி மாதக் கடல் குளம்போலக் கிடந்தது. குறித்த நாள் அஷ்டமி என்று கிளப்பிப் பார்த்தார். “மீனுக்கு ஏது சார் அஷ்டமி?” என்று அச்யுத்தே கேட்டுவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், தங்கபுஷ்பம் சொன்னாள்: “நான் போறேன். நீங்க எனக்காக விட்டுக்கொடுத்ததாச் சொல்லிக்கிடுங்க.”

அண்ணாச்சி கௌரவத்துக்காகக் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல இருந்தார். பிறகு கைபேசியை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: ‘கடல் எனக்குப் புதிதல்ல. பெண்களுக்கும் வாய்ப்பு வேண்டும். என் இடத்தில் என் மனைவி வருவார்.’ கும்பிடும் கைகளாகப் பதில்கள் வந்து குவிந்தன.

மறுநாள் விடிகாலையில் படகை அலைக்குள் தள்ளியபோது அண்ணாச்சியும் ஒரு கை கொடுத்தார். படகு புள்ளியாகும் வரை கையசைத்துக்கொண்டு நின்றார். சாலையோரம் மீன் கூடையை இறக்கி வைத்த ஒரு பெண் கேட்டாள்: “இன்னா மாமா, பொண்டாட்டிய அனுப்சிட்டு நீ இங்க நிக்கிற?”

“பொம்பளைகளுக்கும் வாய்ப்புக் குடுக்கணும்லாம்மா.”

“எங்க வூட்டுக்காரரும் அப்டித்தான். நான் மீன் வித்துகினு கீறேன். அவரு வாய்ப்பு குடுத்துட்டுத் தூங்கிகினு கீறாரு.”

வெயில் ஏறியதும் படகு திரும்பியது. அச்யுத்தை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். கையுறையைக் கழற்றக்கூட அவருக்குத் தெம்பில்லை. பீர் முஹம்மது தன் சட்டையையே தூண்டிலில் மாட்டிக் கிழித்திருந்தார். தங்கபுஷ்பம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானாகக் குதித்து இறங்கினாள். அவள் கையில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு பாறை மீன். படகில் விழுந்த ஒரே மீன் அதுதான்.

செய்தி பூங்காவில் பரவியது. ஆனால் பரவியது மீனைப் பற்றி அல்ல. அடுத்த வாரம், பூங்காவில் யோகா சொல்லித்தரும் ஷீலா டீச்சர் பெண்களையெல்லாம் கூட்டி வைத்து, அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார். ‘மனைவியைக் கடலுக்கு அனுப்பிய மனிதர்’ என்று பேசினார். தங்கபுஷ்பம் பின்வரிசையில் நின்று கைதட்டினாள். நன்றி சொல்ல எழுந்த அண்ணாச்சி, பெண் விடுதலையைப் பற்றி நெடுநேரம் பேசினார். பாதிப் பேச்சில் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

“இப்ப ஒரு நல்ல சேதி” என்றார் ஷீலா டீச்சர். “அடுத்த மாசம் நாங்க பெண்களே ஒரு படகு பேசியிருக்கோம். தலைவரா ஒரே ஒரு ஆண் வரணும்னா அது அண்ணாச்சிதான். மறுக்கக் கூடாது!”

அத்தனை பெண்களும் கைதட்டினார்கள். அண்ணாச்சி கும்பிட்டார். அதை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் தங்கபுஷ்பத்தோடு கடைக்கு வந்தார். பூட்டைத் திறக்கக் குனிந்தவர், நிமிராமலே சொன்னார்: “புஷ்பம், எனக்குக் கடல்னா பயமா இருக்கு.”

“எனக்கும்தான் இருந்துச்சு. அலையில படகு ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.”

“நீ சொல்லவே இல்லையே!”

“நீங்க மீனைப் பத்தித்தான கேட்டீங்க” என்று சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் ஷட்டரை மேலே தள்ளினாள்.