தரையில் உட்காரும் வரைக்கும்

கட்டட வேலையிடத்தில் அவரைத் 'தந்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் உச்சியில் இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்வது அவர் வேலை. தூக்கு, நில், இறக்கு. வருடக்கணக்கில் இப்படியே பேசி, வாய் அந்த அளவுக்கு மட்டுமே திறக்கப் பழகிவிட்டது.

அன்று வேலை முடிந்து வந்து கால்கூடக் கழுவவில்லை. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க அம்மாகிட்ட என்னப்பா பேசினீங்க?"

"சரின்னேன்."

"அப்புறம்?"

"வச்சிட்டேன்."

மகள் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையனின் அம்மா மத்தியானம் தானே ஃபோன் செய்து, "உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்டிருந்தார்.

"நீங்க ரொம்ப 'கர்ட்'டாம்ப்பா. உங்களுக்கு இஷ்டமில்ல போல, இத்தோட விட்டுடலாம்னு பேசிக்கிறாங்களாம்."

"கர்ட்டுன்னா?"

"மூஞ்சில அடிச்ச மாதிரி ஒத்த வார்த்தைல பதில் சொல்றது."

தந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையனை அவருக்கு ரொம்பவே பிடித்திருந்தது. சரி என்றால் சரிதானே, அதற்கு மேல் என்ன இருக்கிறது?

அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள். கல்யாணமான புதிதில் அதே வேலையிடத்தில் செங்கல் சுமந்தவள்.

"ஏங்க, கம்பிக்கட்டு பாதியில தொங்கறப்ப, ஒருதரம் 'இறக்கு'ன்னுட்டு வாயை மூடிக்குவீங்களா?"

"அதெப்படி? சத்தம் நின்னா மேல இருக்கறவன் பயந்து நிறுத்திடுவான். தரையில உட்கார்ற வரைக்கும் சொல்லிட்டே இருக்கணும்."

"அந்தம்மா மட்டும் தொங்கிட்டு இல்லையா?"

தந்தி ஃபோனை எடுத்தார். பையனின் அம்மா எண்ணை அழுத்தினார்.

"நான்தாங்க, பொண்ணோட அப்பா. சம்மதங்க... முழுச் சம்மதம்..."

அந்தப் பக்கம் பேச்சையே காணோம். அவருக்கு வியர்த்தது. ஆனால் சத்தம் நிற்கக் கூடாது.

"தங்கமான பையங்க... எங்களுக்குப் பிடிச்சிருக்கு... வீட்டுக்கு வாங்க... எல்லாரும் வாங்க... வாங்க... வாங்க..."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு.

"ஐயோ, மூச்சு விடுங்க சம்பந்தி! ஞாயித்துக்கிழமை வந்துடறோம்."

"சரி."

மனைவி முறைத்தாள்.

"சரிங்க சம்பந்தியம்மா, சாப்பிட்டுப் போற மாதிரி வாங்க" என்றார் தந்தி. அந்த அம்மா ஃபோனை வைக்கிற சத்தம் கேட்கும் வரை தன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.