சதுப்பில் இன்னொரு படி

அந்தச் சதுப்பில் வீடுகளெல்லாம் மரக்கால்களின் மேல் நின்றன. கால்கள் அடியிலிருந்த கெட்டிக் களிமண்ணில் ஊன்றியிருந்தன. மேலே கிடந்தது, இலையும் வேரும் காலங்காலமாக நீரில் மக்காமல் ஊறிச் சேர்ந்த கருமண். எண்ணெய்ப்பனை வைக்க வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும், அது காற்றுப் பட்டு மக்கி, கரியமில வாயுவாகிப் போய்க்கொண்டிருந்தது. வீடு நின்றது, தரை இறங்கியது. தம்பி வருடத்துக்கொரு படி சேர்த்து அடித்தான். முட்டிவலிக்கார அம்மா கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள்.

தோட்டத்தில் அவனுக்குப் பொக்லைன் ஓட்டும் வேலை. அக்காவுக்கு மண் விடும் வாயுவை அளக்கும் வேலை. தோட்டத்து வாசல் பலகையில் ‘பூமியைக் காக்கும் எரிபொருள்’ என்று எழுதியிருந்தது. டீசலுக்குப் பதில் பனையெண்ணெயை எரிப்பதால் மிச்சமாகும் புகையைவிட அந்த மண் விடுவது பல மடங்கு என்பது அவளுக்குத் தெரியும்.

மிச்சமிருந்தது அவர்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஈரக்காடு மட்டும். வடித்த நிலத்தின் வாயு வரம்புக்குள் இருந்தால்தான் அதை வெட்டலாம் என்பது எண்ணெய் வாங்குகிறவர்களின் நிபந்தனை.

அளவெடுக்கும் நாளன்று தோட்டத்து மேனேஜரும் வந்திருந்தார். அவள் வாயுவைப் பிடிக்கும் டிரம்மை மண்ணில் கவிழ்த்து, அளவுக்கருவியின் குழாயைச் செருகினாள்.

“அக்கா, மூச்சு விடலாமா, இல்ல செத்துடட்டுமா?”

“தள்ளி நின்னு விடுடா.”

எண் வரம்பைத் தாண்டி ஏறியது.

“ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு ஊதியிருப்பீங்கம்மா. மறுபடி பாருங்க,” என்றார் மேனேஜர்.

மறுபடியும் ஏறியது.

“மண்ணு காஞ்சு கெடக்கு. கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்களேன்.” பூந்தொட்டியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

நீர் மண்ணின் துளைகளை அடைக்கும். அது வடியும்வரைதான் வாயு அடங்கியிருக்கும்.

“அது பொய்க்கணக்கு சார்.”

“மழை பேஞ்சா அதுவும் பொய்யாம்மா?”

அவள் திரும்புவதற்குள் தம்பி வாளியோடு வந்துவிட்டான்.

“என்னடா பண்ற?”

“காட்ட வெட்டலன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா,” என்றான் தாழ்ந்த குரலில். “நீ முடியாதுன்னா நாளைக்கே வேற ஆளு வந்து அளப்பான்.”

டிரம் இருந்த இடத்தில் வாளியைச் சாய்த்தான். தண்ணீர் செருப்பில் படாமல் அவள் ஒதுங்கி நின்றாள். டிரம்மை மறுபடி கவிழ்த்தபோது எண் இறங்கியது.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பொக்லைன் உறுமியது. புதிய வாய்க்காலில் காட்டின் நீர், கறுத்து, சத்தமில்லாமல் ஓடியது.

இருட்டுமுன் தம்பி கைகூடக் கழுவாமல் பலகை அறுக்க உட்கார்ந்தான். அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த வருஷப் படிதான் அடிச்சாச்சேடா?” என்றாள் அம்மா, மேலே வாசலில் உட்கார்ந்தபடி.

தம்பி அக்காவைப் பார்த்தான்.

“அடுத்த வருஷத்துக்கும்மா,” என்றாள் அவள்.