எலினோர் மே கரையில் நின்ற மூன்று நாள்

இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில், ஹெசில் ரோட்டின் பின்சந்தில் தெல்மா கோல்பெக் 1971 நவம்பரில் துவைத்துக் கொடியில் போட்ட சட்டை ஒன்று நாற்பத்தாறு வருடமாகக் காயவில்லை. நீலக் கட்டம் போட்ட ஆண் சட்டை. மற்ற துணிகள் அதே கொடியில், அதே காற்றில், ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். இது மட்டும் அப்போதுதான் வாளியிலிருந்து எடுத்ததுபோல் சொட்டிக்கொண்டே இருக்கும். 1976இல் ஊரே வறண்டு கிடந்த கோடையில், பக்கத்து வீட்டார் அதன் கீழே வாளி வைத்துப் பிடித்து ரோஜாச் செடிக்கு ஊற்றினார்கள். மூன்றே நாளில் செடி கருகியது. சட்டையிலிருந்து சொட்டியது கடல் தண்ணீர். அதன் பிறகு அதை உருளைக்கிழங்கு வேகவைக்க மட்டும் வாங்கிப் போனார்கள். உப்புத் தனியாகப் போட வேண்டியிருக்கவில்லை.

தெல்மா ஹல் நகரத்துப் பெண் அல்ல. கடலிலிருந்து இருபது மைல் உள்ளே, கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்தவள். டெனிஸ் கோல்பெக்கை ஒரு நடன அரங்கில் பார்த்து, பார்த்த வேகத்தில் கட்டிக்கொண்டாள். டெனிஸ் 'எலினோர் மே' என்ற மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தான். வடக்கே பனிக்கடலில் மூன்று வாரம், கரையில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் இந்த ஆட்கள் வான நீலத்தில் கோட்டு சூட்டு தைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு டாக்ஸியை நாள் முழுக்க வாசலில் நிறுத்தி வைத்து, ராஜா மாதிரி சுற்றுவார்கள். மூன்றாம் நாள் அலை ஏறும்போது கப்பல் போய்விடும். கப்பல் கிளம்பும் நாளில் ஹெசில் ரோட்டில் எந்தப் பெண்ணும் துணி துவைக்க மாட்டாள். துவைத்தால் தன் ஆளைத் தானே கடலில் அலசி விட்டதாக அர்த்தம். இது குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் என்பதாலேயே தெல்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கல்யாணமாகி எட்டாவது மாதம், டெனிஸ் கிளம்பிப் போன கையோடு, அவன் பீர் கொட்டிக் கழற்றிப் போட்டிருந்த சட்டையை ஆசையாகத் துவைத்தாள். பதின்மூன்றாம் நாள் எலினோர் மேயின் ரேடியோ பேச்சு நின்றது. இருபது பேர்.

கொடியில் தொங்கிய சட்டையை முதலில் பார்த்தவள் மாமியார் ஐவி. அன்றிலிருந்து, சாகும்வரை பத்தொன்பது வருடம், ஒரே வீட்டில் இருந்துகொண்டு மருமகளிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. எல்லாம் பூனை வழியாகத்தான். "டீ ஆறிப் போச்சுன்னு அவகிட்டச் சொல்லு" என்று பூனையிடம் சொல்வாள். பூனை செத்ததும் அவசர அவசரமாக இன்னொரு பூனை வாங்கினாள். தெல்மா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் சமைத்தாள். இரண்டு பேர் கட்டிக்கொள்ளக் கேட்டார்கள். இரண்டு பேரையும் கூட்டிப்போய்க் கொடியைக் காட்டினாள். ஈரம் இருக்கிறவரைக்கும் அவன் தண்ணீரில் இருக்கிறான், முடிந்துபோகவில்லை என்பது அவள் கணக்கு. ஆனால் அவன் திரும்பி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று தொண்டையில் முள்ளாகவே இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் 2017இல் ஹல் நகரம் ஒரு வருடத்துக்கு நாட்டின் கலாச்சார நகரமாயிற்று. அடேயப்பா, அந்த வருடத்தைச் சொல்லி மாளாது. எப்போதும் மீன் வாடைக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போன ஊருக்கு, ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். சுவர்களெல்லாம் படம் ஓடியது, சதுக்கமெல்லாம் கூத்து. பக்கத்து வீட்டு கிம் ஊதாவும் நீலமும் கலந்த தொண்டர் அங்கி போட்டுக்கொண்டு, தெரியாதவர்களுக்கெல்லாம் வழி சொன்னாள். தெரிந்தவர்களுக்கும் விடாமல் சொன்னாள். சட்டையைப் பற்றி விழா அலுவலகத்துக்குப் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, கலைஞர் பெயர் என்ன என்று கேட்டார்கள். "டெனிஸ் கோல்பெக். கடல்ல இருக்காரு" என்றாள் தெல்மா. அப்படியே பலகை எழுதி மாட்டினார்கள். பின்சந்தில் வரிசை நின்றது. தெல்மா முதலில் முனகினாள், பிறகு எல்லாருக்கும் டீ போட்டாள், ஜூலைக்குள் உதட்டுச் சாயம் பூசிக்கொள்ள ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, சேறும் நாணலும் மூடி நாற்பது வருடமாகச் செத்துக் கிடந்த பழைய மீன் இறங்குதுறையில் தண்ணீர் ஏறியது. எலினோர் மே உள்ளே வந்து நின்றது. கயிறுகளில் பனிக்கட்டி சரம் சரமாகத் தொங்கியது. அடைத்துப் போட்ட வாயில் வழியாக எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். கப்பல் தலைவன் ஆர்தர் பிளெங்கின் இறங்கி வந்து, மீனை இறக்க ஒரு பயலும் இல்லையே, துறையா இது, சந்தைமடமா என்று கத்தினான். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். விழா அலுவலகம் தன் நிகழ்ச்சி நிரலில் தேடிப் பார்த்தது, காணவில்லை. வேறு பிரிவின் ஏற்பாடாக இருக்கும் என்று முடிவு செய்து, 'எலினோர் மே, மூன்று நாள் மட்டும்' என்று மதியத்துக்குள் துண்டுச் சீட்டு அடித்துவிட்டது. இருபது ஆட்களும் வான நீல சூட்டுக்கு மாறி, ஆளுக்கொரு டாக்ஸியைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் பறந்தார்கள்.

தெல்மாவின் கதவு தட்டப்பட்டபோது அவள் கொடியருகே நின்றிருந்தாள். சட்டை அந்த நிமிடம்தான் அவள் கையிலேயே காய்ந்து சூடாகியிருந்தது. அதைப் பிடித்தபடியே போய்க் கதவைத் திறந்தாள். இருபத்து நாலு வயது டெனிஸ் நின்றான். அவள் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"என்னடி, காய்ச்சலா? மூணு வாரத்துல இப்படி வாடிப் போயிட்டே."

"நாப்பத்தாறு வருஷம்டா, டெனிஸ்."

"அதானே பார்த்தேன். இந்தத் தடவை கொஞ்சம் இழுத்துருச்சு. மீனே சிக்கல கண்ணு" என்றவன், அவள் கையிலிருந்த சட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "ஐ, துவைச்சு வெச்சிருக்கியா?" வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டான். தெல்மாவுக்குக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. சந்தோஷம் அதை உள்ளே தள்ளிவிட்டது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள். அழுதாள், சிரித்தாள், அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.

இரண்டு நாள் அவர்கள் போட்ட ஆட்டம் ஊர் அறிந்தது. டாக்ஸி ஓட்டியவன் ரெபின் என்ற குர்து ஆள், இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருடம் ஆனவன். மூன்று நாளைக்கு வண்டி என்றதும் அவன் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தான். முதலில் உருளைக்கிழங்கு மசித்துப் பொரித்த பேட்டியும் சிப்ஸும் வாங்கினார்கள். சிப்ஸ் மேலே தூவியிருந்ததை டெனிஸ் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இது என்ன செவப்பா?"

"சிப்ஸ் மசாலா. நீ போனதுக்கப்புறம் வந்துச்சு. இப்போ இது இல்லாம ஊர்ல ஒருத்தனுக்கும் இறங்காது."

"இதைக் கண்டுபிடிச்சவனுக்குச் சிலை வெச்சீங்களா இல்லையா? ராணிக்கெல்லாம் வெச்சிருக்கோம்."

"ராணியைக் கக்கூஸ் மேலதானே நிக்க வெச்சிருக்கோம். அந்த மரியாதை போதும், விடு" என்றாள் தெல்மா.

சதுக்கத்தில், பொதுக் கழிப்பறைக்கு மேலே நிற்கும் அதே ராணி சிலைக்கு எதிரே, வாத்தியக் கோஷ்டி ஒன்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. டெனிஸ் அவளை இழுத்துக்கொண்டு இறங்கினான். வெளியூர்க்காரன் ஒருவன், "பாட்டி, பேரன் பிரமாதமா ஆடுறான்!" என்றான். "பேரன் இல்லடா, புருஷன். காலை மிதிக்காம தள்ளி ஆடு" என்றாள். சுற்றி நின்றவர்கள் ஹோவென்று விசிலடித்தார்கள். லண்டனிலிருந்து வந்த பத்திரிகைக்காரர், இருபது நடிகர்களும் ஒரு நொடிகூட வேஷம் கலையவில்லை என்று எழுதி நாலு நட்சத்திரம் கொடுத்தார். தெல்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் பழுது. ஞாயிறு மாலை வரைக்கும் ஒரு பாட்டுக்கும் உட்காரவில்லை.

திங்கட்கிழமை மதியம் அலை ஏறும். காலையில் டாக்ஸி துறையை நோக்கிப் போனது. தன் ஆளுக்கு விடைகொடுக்க ஹெசில் ரோட்டுப் பெண்கள் துறைக்குப் போகும் வழக்கம் இல்லை. தெல்மா கேட்காமல் ஏறிக்கொண்டாள். பின்னால் கிம்மும் ஒண்டிக்கொண்டாள். "இங்கேயே இருந்துடேன்" என்று தெல்மா மெல்லச் சொன்னாள். டெனிஸ் ஜன்னல் வழியே பார்த்தான். துறையைச் சுற்றி இருந்த மீன் கிடங்குகளெல்லாம் போய், மெத்தைக் கடையும் செருப்புக் கடையும் நின்றன. "நான் இங்க என்னடி பண்ணுவேன்? மெத்தை விக்கவா?" என்றான். அவள் தலையாட்டினாள். அவன் சொன்னது நியாயம்தான். இனி நாளை என்று ஒன்று இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"டெனிஸ், நீ போன அன்னிக்கு நான் துணி துவைச்சுட்டேன். இந்தச் சட்டையை. எனக்கு அது தெரியாது, யாரும் சொல்லல. உங்கம்மா சாகிற வரைக்கும் என்கூடப் பேசல. நான்தானா? உங்க இருபது பேரையும் நான்தான் அனுப்பிட்டேனா?"

டெனிஸ் திரும்பிப் பார்த்தான். "பனிக்கட்டிதான்டீ அது. கயித்துல ஏறி, கம்பத்துல ஏறி, வெட்ட வெட்ட ஏறுச்சு. பாரம் தாங்கல. உன் சட்டை என்ன பண்ணும் பாவம்? நானே பீர் கொட்டினதுக்கு நீ திட்டுவியோன்னு பயந்துகிட்டே போனேன்."

தெல்மா மூக்கை உறிஞ்சினாள். நம்பவும் ஆசை, நம்பாமல் இருக்க நாற்பத்தாறு வருடப் பழக்கம். அப்போது ரெபின் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "மன்னிச்சுக்கோங்கம்மா, ஒண்ணு கேக்கறேன். சட்டையில தண்ணி நிக்கவே இல்லையா? நாப்பத்தாறு வருஷமும்?"

"நிக்கல."

"எங்க ஊர்ல பயணம் போறவங்க பின்னாடி ஒரு சொம்புத் தண்ணி ஊத்துவோம். தண்ணி எப்படிப் போய்த் திரும்புதோ, அப்படி அவங்களும் நல்லபடியாத் திரும்பி வரணும்னு. நாங்க ஒரு சொம்புதான் ஊத்துவோம். நீங்க நாப்பத்தாறு வருஷம் ஊத்தியிருக்கீங்க. பின்ன வராம எங்க போவாங்க?"

கிம் தேம்பினாள். தெல்மா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, ஐவியின் இரண்டு பூனைகளும் கேட்டிருக்க வேண்டும் இதை என்று நினைத்தாள். தொண்டையிலிருந்த முள் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளுக்குப் பயங்கரமாகப் பசித்தது.

துறையில் பிளெங்கின் கத்திக்கொண்டிருந்தான். பத்தொன்பது பேர் ஏறியாயிற்று, சமையல்காரன் வில்ஃபைக் காணோம். ஆள் அனுப்பித் தேடியதில், பேட்டிக் கடையில் மசாலா டப்பாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதை விட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான். சமையல்காரன் இல்லாமல் பனிக்கடலுக்குப் போவது எப்படி? தெல்மா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு முன்னால் வந்தாள்.

"நானூறு பிள்ளைங்களுக்கு ஒத்த ஆளாச் சமைச்சிருக்கேன். பத்தொன்பது பேர் எனக்கு எம்மாத்திரம்?"

"பொம்பளை கப்பல்ல கால் வெச்சா ஆகாதும்மா" என்றான் பிளெங்கின்.

"ஆகாததெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே ஆயிடுச்சே. இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

பிளெங்கின் தாடியைச் சொறிந்தான். வாதத்தில் ஓட்டை ஒன்றும் கிடைக்கவில்லை. "பன்னின்னு மட்டும் கப்பல்ல சொல்லிடாதே, கடல்ல அது ஆகாத வார்த்தை" என்று வழிவிட்டான். டெனிஸ் மேல்தட்டில் தொப்பியைத் தூக்கி எறிந்து கூச்சலிட்டான். தெல்மா அவனைக் கீழே கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொன்னாள். தன் கைப்பையில் எப்போதும் கிடக்கும் பழைய பள்ளிக்கூட ஏப்ரனையும் எடுத்து, இரண்டையும் சுருட்டி கிம்மிடம் கொடுத்தாள்.

"போய் இப்பவே துவைச்சுப் போடு."

"இப்பவா? ஆன்ட்டி, இன்னிக்குக் கப்பல் கிளம்புற நாள்!"

"அதனாலதான்டி சொல்றேன். ஓடு."

ரெபின் வண்டியை விரட்டினான். கிம் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு துவைப்பதைப் பார்த்து, எதிர்வீட்டு வயதான பெண்கள் இரண்டு பேர் திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். துறையில் எலினோர் மே மூன்று முறை ஊதியது. ரெபின் திரும்பி வந்து, கரை ஓரத்தில் நின்று, ஒரு பாட்டில் தண்ணீரை அதன் பின்னால் ஊற்றினான். கையசைத்தால் அலை வந்து ஆளைக் கொண்டுபோகும் என்று இந்தத் தெரு என்றைக்கும் கையசைத்ததில்லை. ஆனால் அன்று ஏராளமாக நின்றவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குத் தெரியாது. இரண்டு கையையும் தூக்கித் தூக்கி அசைத்தார்கள், தெல்மாவும் கரண்டியால் பதிலுக்கு அசைத்தாள். சாயங்காலம் தண்ணீர் வடிந்து, நாணல் பழையபடி எழுந்து நின்றது.

விழா டிசம்பரில் முடிந்தது. வில்ஃபுக்கு இப்போது முடி நரைக்கத் தொடங்கிவிட்டது. அவன் உட்கார்ந்துவிட்ட பேட்டிக் கடை நன்றாக ஓடுகிறது. கொடியில் நீலக் கட்டச் சட்டையும் வெள்ளை ஏப்ரனும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிச் சொட்டுகின்றன. காற்றடித்தால் ஏப்ரனின் நாடா சட்டைக் கையைச் சுற்றிக்கொள்ளும். கிம் போய்ப் பிரித்து விடுவாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி சுற்றிக்கொள்ளும். கீழே இரண்டு வாளி வைத்திருக்கிறாள். முன்பு உருளைக்கிழங்குக்கு அந்தத் தண்ணீர் தெருவின் பாதிக்குத்தான் வந்தது. இப்போது எல்லா வீட்டுக்கும் வருகிறது.