சீனியின் கன்னக் கறை

செம்மொழி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது தன் வெள்ளைப் பொமரேனியனை அப்பா இளையபெருமாளிடம் விட்டுப் போனாள். ஒரத்தநாட்டை ஒட்டிய கிராமம். நாயின் பெயர் சீனி. நாலு மாதத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு. ஒன்பதாவது மாதம் வீடியோவில் பார்த்தவள், "அப்பா, அது அழுவுதுப்பா," என்றாள். இரண்டு கண்ணுக்குக் கீழும் துருத் தண்ணீர் ஒழுகினாற்போலப் பழுப்புக் கோடு.

"அழுவலம்மா, கறை."

"உங்களுக்கு நடவு நேரம். தஞ்சாவூர்ல வள்ளியம்மை சித்தி கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து தூக்கிட்டுப் போவட்டும்."

சரிம்மா என்று சொல்லிவிட்டார். வரப்பில் அவருக்கு முன்னால் ஓடுவதும், மோட்டார் கொட்டகை வாசலில் காத்துக் கிடப்பதும் அதுதான். அது இல்லாமல் இருக்க முடியாது என்று மகளிடம் சொல்ல அறுபத்து மூன்று வயதில் கூச்சமாக இருந்தது. முகம் சுத்தமானால் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தார்.

மறுநாளே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூலையில முடி வளர்ந்து குத்துது, அதான் தண்ணி வடியுது." முடியைக் கத்தரித்தார். "காய்ச்சி ஆறின தண்ணியில ரெண்டு வேளை தொடச்சு, ஈரமில்லாம ஒத்தி எடுங்க. பிடிச்ச கறை போவாது. புது முடி வளர ஒன்றரை மாசம் ஆவும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆவாதுங்களா?"

"ஏங்க, பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

காலை ஆறு, மாலை ஆறு என்று தவறாமல் துடைத்தார். வடிவது நின்றது. கோடு அப்படியே இருந்தது. சனிக்கிழமை மதியம் வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டுக்கொண்டிருந்தவர் சீனியைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் வெள்ளைதானே. துணியை நீலத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் ஒற்றினார். காய்ந்ததும் வேட்டி வெளுத்திருந்தது. சீனியின் கன்னம் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. மூன்று தடவை கழுவியும் போகவில்லை.

ஞாயிறு பத்து மணிக்குக் கூடையோடு ஆட்டோவில் வந்து இறங்கிய வள்ளியம்மை, பார்த்ததுமே செம்மொழிக்கு போன் போட்டு நாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னப்பா இது?"

"நீலம்."

"நாய்க்கா? கண்ணுல பட்டிருந்தா?"

"கண்ணுகிட்ட போவல. கன்னத்துக்கு மட்டுந்தான்."

"திருவிழாவுக்கு வேஷம் கட்டுனாப்புல இருக்கு மாமா," என்று வள்ளியம்மை சிரித்தாள்.

செம்மொழி சிரிக்கவில்லை. "எதுக்குப்பா இப்படிப் பண்ணுனீங்க?"

இளையபெருமாள் கூடையைப் பார்த்தார். உள்ளே பழைய துண்டு ஒன்று மடித்துப் போட்டிருந்தது.

"கறை போயிட்டா நீ விட்டுருவேன்னு பார்த்தேன். அது இங்கயே இருக்கட்டும்மா. எனக்கு வேணும்."



"இத அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே," என்றாள் செம்மொழி. "டாக்டர் என்ன சொன்னாங்க?"

டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் வரிசையாக ஒப்பித்தார்.

"அப்ப ஒன்றரை மாசம் கழிச்சு போட்டோ அனுப்புங்க. நீலம் போடாம."

"சரிம்மா."

வள்ளியம்மை கூடையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "எனக்குக் காப்பியாவது உண்டா மாமா, இல்ல அதையும் சிங்கப்பூர்ல கேக்கணுமா?"